நெடுந்தீவுக் குதிரை, மன்னார்க் கழுதை: ஒரு சிறு காப்பகத்தால் ஆகக்கூடியது

இலங்கையின் வடபுலத்தில் உடையவரில்லாமல் திரியும் குதிரைகளுக்கு நெடுந்தீவும், கழுதைகளுக்கு மன்னார்த் தீவும் பெயர்போனவை. இரண்டும் இயல்பாக இந்த மண்ணில் தோன்றியவையல்ல. மனிதர் கப்பலேற்றிக் கொண்டுவந்து, வேலை வாங்கி, வேலை முடிந்தபின் கைவிட்டவற்றின் வழிவந்தவை. ஆகவே அவற்றின் பசிக்கும் தாகத்துக்கும் மனிதர் பொறுப்பாளிகள். அந்தப் பொறுப்பை ஒரு குடும்பமோ நாலைந்து நண்பர்களோ சேர்ந்து எப்படி ஏற்கலாம், எவ்வளவு ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்பவை தனித்தனிக் கேள்விகள்.

நெடுந்தீவு பாக்குநீரிணையில் உள்ள தீவுகளில் பெரியது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் செல்லலாம். போர்த்துக்கேயர் அதைப் பசுத்தீவு என்ற பொருளில் அழைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரால் டெல்ஃப்ட் என்றார்கள். மேய்ச்சல் தரையாக அதைக் கண்டு குதிரை வளர்ப்பைத் தொடங்கியவர்களும் வளர்த்தவர்களும் இவ்விரு சாராருமே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆட்சியில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி தீவை நிருவகித்த காலத்திலும் வளர்ப்பு நடந்தது. பிறகு படைக்குக் குதிரை தேவைப்படவில்லை. லாயத்தின் முருகைக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்த குதிரைகளின் சந்ததி தீவின் தெற்குத் தரவையில் உயரங்குறைந்த மட்டக்குதிரைகளாக மேய்கிறது. 2015இல் தீவின் 1,800 ஹெக்டேயருக்குச் சற்று மேற்பட்ட பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இக்குதிரைகளைக் கொல்வது வேட்டையோ நோயோ அல்ல, பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம்தான். நெடுந்தீவில் ஆறில்லை. முருகைக்கல்லின் துளைகளில் இறங்கும் மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதை அளவுக்குமேல் இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரி பொய்த்த ஆண்டில் துரவுகளும் கேணிகளும் ஆனி, ஆடிக்குள் வற்றுகின்றன. வற்றிய துரவின் ஓரத்தில் ஒரு பெட்டைக் குதிரை முன்னங்காலால் சேற்றைக் கிளறுகிறது. கிளறிய குழியில் ஊறுவது இரண்டு கையளவு கலங்கல். அதையும் குட்டி நக்கிய பின்பே தாய் குனிகிறது. வரட்சியில் குதிரைகள் மடிந்த செய்தியை யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் ஒரு தடவையல்ல, பல தடவைகள் வெளியிட்டிருக்கின்றன. வருமென்று முன்கூட்டியே தெரிந்த சாவு அது. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுவது மன்னிக்க முடியாதது.

இச்செய்தி வரும்போதெல்லாம் நல்ல மனமுள்ள சிலர் குதிரைகளை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்கிறார்கள். அது நல்ல வழியல்ல. பூங்காவிலுள்ள விலங்கைப் பிடிப்பதற்கும் அகற்றுவதற்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கு அப்பால், மனிதர் கை படாத குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. ஓர் ஆண் குதிரை, சில பெட்டைகள், குட்டிகள் என்று அவை தனித்தனிக் குழுக்களாக இருக்கின்றன. ஒன்றைப் பிரித்துக் கயிறிட்டுப் படகேற்றினால் அது துள்ளிக் காலை ஒடித்துக்கொள்ளும், அல்லது இரையெடுக்காமல் கிடக்கும். தண்ணீரைக் குதிரையிடம் கொண்டுபோவதே நெடுந்தீவில் காப்பு. மட்டக்குதிரை ஒன்று நாளொன்றுக்கு 20 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். பாலூட்டும் பெட்டைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நூறு குதிரைக்கு 2,000 லீற்றர் என்பது ஒரு சிறு பவுசர் தண்ணீர். அதை ஒரே தொட்டியில் ஊற்றக்கூடாது. வலிய ஆண் குதிரை தன் குழுவோடு தொட்டியை மறித்து நிற்கும். நோஞ்சான்களும் குட்டிகளும் அண்ட முடியாது. ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் மூன்று நான்கு தொட்டிகள், குட்டிக்கும் எட்டும் விளிம்பு, பாசி பிடிக்காமல் கிழமைக்கொருமுறை தேய்ப்பதற்கு அந்தத் தீவிலேயே வசிக்கும், கூலி பெறும் ஓர் ஆள் என்பனவே தேவை. மாரி தொடங்குமுன் துரவுகளைத் தூர்வாருவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

மன்னாரின் நிலைமை வேறு. அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கழுதைகள் முன்பு உப்பும் மீனும் சலவை மூட்டையும் சுமந்தன. லொறியும் லாண்ட்மாஸ்ரரும் வந்தபின் அவற்றின் வேலை போயிற்று. இப்போது அவை நகர வீதிகளில் இரவில் படுக்கின்றன, வாகனம் மோதிக் கால் முறிகின்றன, குப்பை மேட்டில் உணவு நாறும் பொலித்தீனை விழுங்குகின்றன. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் நடத்த முன்வந்தது வடபுலத்தில் இத்துறையில் நடந்த முக்கியமான முயற்சி. யாழ்ப்பாணத்தில் காப்பகம் நடத்த விரும்புபவர் அங்கு சென்று கையால் வேலை பழகுவது நல்லது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து பூநகரி வழியாக மன்னார் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

குடாநாட்டில் ஒரு காப்பகத்துக்கு இடமுண்டு. ஆனால் அது காலொடிந்தவை, கண்ணிழந்தவை, தாயிழந்த குட்டிகள், வளர்த்தவர் கைவிட்டவை என்று திரும்பிப்போக இடமில்லாதவற்றுக்கு மட்டுமே. எத்தனை என்பதை முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். இந்த எண்தான் காப்பகத்தை வாழ வைக்கும் அல்லது அழிக்கும். எலிசபெத் ஸ்வென்சன் 1969இல் இங்கிலாந்தின் டெவனில் ஒரு கழுதையில் தொடங்கினார். 1974இல் காப்பகம் வைத்திருந்த இன்னொரு பெண்மணி இறந்தபோது தன் 204 கழுதைகளையும் உயிலில் அவருக்கே எழுதிவைத்திருந்தார். ஸ்வென்சன் ஏற்றார். அந்த நிறுவனம் இன்று உலகெங்கும் இயங்குகிறது. அவருக்குப் பின்னால் ஒரு நாடே நன்கொடை கொடுத்தது என்பதை மறந்து அந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் பின்பற்றினால் முதலாம் ஆண்டிலேயே விலங்குகள் பட்டினி கிடக்கும். ஆறு என்று முடிவெடுத்தவர் ஏழாவதுக்குக் கதவடைப்பது மனதை அறுக்கும் செயல்தான். கதவடைக்காவிட்டால் ஏழும் மெலியும்.

இன்னொரு வரலாறும் இங்கே பொருந்தும். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையிலிருந்த குதிரைகள் போர் முடிந்தபின் எகிப்தில் விற்கப்பட்டன. 1930இல் கெய்ரோ சென்ற டொரதி புரூக் அவை கல்லுடைக்கும் குழிகளிலும் வண்டிகளிலும் எலும்புந்தோலுமாக உழைப்பதைக் கண்டார். 1931இல் இலண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தால் பணம் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைகொடுத்து மீட்டார். பெரும்பாலானவற்றை அவர் வளர்க்கவில்லை. சில நாள் நல்ல தீனும் நிழலும் கொடுத்து, நோவில்லாமல் உயிர்விடச் செய்தார். 1934இல் அவர் நிறுவிய மருத்துவமனை அதன்பின் கெய்ரோவின் வேலைக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவச வைத்தியம் செய்தது. கொட்டிலுக்குள் அடைத்து வளர்ப்பதைவிட, வெளியே உள்ளவற்றுக்கு வைத்தியம் செய்வதால் கூடுதல் உயிர்கள் காப்பாற்றப்படும் என்பதை அவர் செய்து காட்டினார். நீலகிரியில் மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் இயங்கும் ஐபான் அமைப்பும் இவ்வழியே நடக்கிறது: முதுமையடைந்த குதிரை கழுதைகளுக்கு ஒரு புகலிடம், சுற்றுக் கிராமங்களுக்கு வைத்தியம்.

குதிரை யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதல்ல. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் தல வரலாற்றில் குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் திருந்தப் பெற்றாள். கோயில்தோறும் குதிரை வாகனம் உண்டு. உயிருள்ள குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த கைகள்தாம் அரிதாகிவிட்டன. இருப்பது மாடும் ஆடும் வளர்த்த அனுபவம். அந்த அனுபவத்தை அப்படியே குதிரைக்குப் பிரயோகிப்பதே தொடக்கத்தில் நடக்கும் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம்.

மாடு அசைபோடும் பிராணி. தழையிலுள்ள பல நஞ்சுகளை அதன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் முறித்துவிடும். குதிரைக்கும் கழுதைக்கும் ஒரே வயிறு, அதுவும் சிறியது. புளிப்பித்தல் நடப்பது பின்குடலில். அத்தோடு குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே வேலியிலிருந்து முறித்து ஆட்டுக்குப் போடும் சீமைக்கிளுவை குதிரைக்கு நஞ்சு. இப்பில் இப்பில் தழையைத் தொடர்ந்து தின்ற குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பு பாதிக்கும். கோயில் நந்தவனத்து அலரியும் வளவோரத்து மஞ்சள் அலரியும் சில இலைகளிலேயே இதயத்தை நிறுத்தக்கூடியவை. கத்தரித்த கொப்புகளை வேலிக்கு வெளியே எறிந்தால் அங்கே நிற்கும் கழுதை தின்னும். கோழித்தீனிலும் மாட்டுத்தீனிலும் சிலவேளை சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு நல்லது, குதிரையைக் கொல்லும். மிஞ்சிய கோழித்தீனைக் குதிரைக்குப் போடவே கூடாது.

வலிகாமத்துத் தோட்டங்களில் மாட்டுக்கென வளர்க்கும் சிஓ-3 புல் பார்வைக்குச் செழிப்பானது. அந்த வகைப் புல்லிலுள்ள ஒக்சலேற்று குதிரையின் குடலில் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசித் தவிட்டில் பொசுபரசு மிகுதி. அதுவும் கல்சியத்துக்கு எதிர். இரண்டையும் சேர்த்துப் பல மாதம் கொடுத்தால் உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும், முகவெலும்பு வீங்கும், குதிரை காரணம் தெரியாமல் நொண்டும். அதே தொழுவத்தில் அதே தீனைத் தின்னும் பசு நன்றாகவே இருக்கும், அதனால் வளர்ப்பவர் தீனைச் சந்தேகிக்க மாட்டார். குதிரைக்கு ஏற்றது அறுகு. அறுத்து நிழலில் காயவைத்த அறுகு குடாநாட்டிலேயே கிடைக்கும் மிகச் சிறந்த தீன். அதற்குமேல் வேலை செய்யாத விலங்குக்குத் தானியம் தேவையில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கும் வைக்கலும் மாட்டுக்கே நல்லதல்ல, குதிரைக்கு உயிராபத்து. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 5 கிலோ உலர்தீன் தின்னும். ஆறு குதிரைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 தொன். இந்தக் கணக்கைப் போடாமல் கொட்டில் போடுவோர் பலர். தீனைத் தரையில் போடாமல் தொட்டியில் போட வேண்டும். மணற்றரையில் பொறுக்கித் தின்னும்போது மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலில் படியும். அதனால் வரும் வயிற்றுக்குத்துக்குச் சிகிச்சை செய்வது மிகக் கடினம்.

பட்டினியால் வாடி வந்த விலங்குக்கு முதற் பத்து நாள் மிக ஆபத்தானது. அன்பு மிகுதியால் ஒரு வாளி கொள்ளும் தவிடும் வைப்பவர் அதைக் கொன்றுவிடுவார். நெடுநாள் பட்டினிக்குப் பின் மாச்சத்து உள்ளே சென்றதும் இரத்தத்திலுள்ள பொசுபரசும் மக்னீசியமும் திடீரென விழும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இதயமோ மூச்சோ நிற்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மிருக வைத்தியர்கள் மெலிந்த குதிரைகளுக்குத் தீன் கொடுத்து ஆராய்ந்து, தானியத்தைத் தவிர்த்து உலர்புல்லை நாலு மணித்தியாலத்துக்கொருமுறை சிறிது சிறிதாகக் கொடுத்து அளவைக் கூட்டிச் செல்லும் முறையை வகுத்தார்கள். கழுதைக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அது ஓரிரு நாள் தீன் எடுக்காவிட்டால் உடற்கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாகப் பாய்ந்து ஈரலைச் சிதைக்கும். கழுதை நோவை வெளியே காட்டாது. குதிரை உருண்டு புரளும் அதே வயிற்றுக்குத்தில் கழுதை காதைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் நிற்கும், அவ்வளவுதான். தீன் தொட்டியின் முன் அசையாமல் நிற்கும் கழுதையைக் கண்டால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் நடந்தால் தானே தேயும். கொட்டிலில் நின்றால் தேயாது. கவனிப்பாரற்ற கழுதையின் குளம்பு முன்னோக்கி நீண்டு பழங்காலத்துப் பாதணிபோல மேலே சுருண்டு நிற்கும். அக்கழுதை குதிகாலில் பாரத்தைப் போட்டு நடக்கும், மடிந்த தோலில் புழு வைக்கும். ஒரே நாளில் முழுவதையும் வெட்டினால் உள்ளெலும்பு நிலைகுலையும். ஆறு முதல் பத்துக் கிழமை இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாக, அரத்தால் தேய்த்து உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். குடாநாட்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கும் கைவினைஞர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கழுதைக் குளம்பைப் பழக்கிவிடுவது காப்பகத்தின் முதற் செலவாக இருக்கட்டும். மாரியில் சேறு மிதித்து நிற்கும் குளம்பு அழுகும். வரண்ட நாட்டில் உருவான கழுதைக்கு ஈரம் ஆகவே ஆகாது. கொட்டிலின் தரை உயர்ந்து, கல் பரவி, நீர் வழிந்தோடும்படி இருக்க வேண்டும். கூரைக்குக் கிடுகோ பனையோலையோ தகரத்தைவிட நல்லது.

வீட்டு விலங்குகளுள் ஏற்புவலி மிக எளிதில் தாக்குவது குதிரையை. துருப்பிடித்த முட்கம்பி குடாநாட்டின் பற்றைகளில் இன்னும் கிடக்கிறது. ஏற்புவலிக்கும் விசர்நாய்க்கடி நோய்க்கும் தடுப்பூசி போட்டபின்பே ஒரு விலங்கை மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வேலியில் முட்கம்பி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். குதிரை திடுக்கிட்டு ஓடும் பிராணி, அதன் தோல் மெல்லியது. நெடுந்தீவுக் கல்வேலி அழகானதும் ஆபத்தற்றதுமாகும். பல்லை ஆண்டுக்கொருமுறை வைத்தியர் பார்க்க வேண்டும், கூர்ந்த விளிம்பு கன்னத்தைக் கிழிக்கும்.

நிலம் பற்றிய கணக்கு யாழ்ப்பாணத்துக்கு இடைஞ்சலானது. ஒரு கழுதைக்கு அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு குறைந்தபட்சம். வலிகாமத்துச் செம்மண்ணில் அதற்கான விலை யாருக்கும் கட்டாது. தென்மராட்சியிலும் தீவகத்திலும் போரின்போது ஊரைவிட்டுப் போனவர்களின் வளவுகள் தரிசாகக் கிடக்கின்றன. உரிமையாளரோடு எழுத்து ஒப்பந்தம் செய்து ஆண்டுக்கணக்கில் எடுக்கலாம். கிணறு உள்ள வளவாக, புரட்டாதியிலும் உவராகாத கிணறாக இருக்க வேண்டும். சாணத்தைக் கிணற்றடியில் குவிக்கக்கூடாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக எல்லாம் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. சாணத்தை மூடி மக்கவைத்து வெங்காயத் தோட்டக்காரருக்குக் கொடுத்தால் புல்லாகத் திரும்பி வரும்.

கழுதைக்குத் தனிமை ஆகாது. சோடி சேர்ந்த இரண்டில் ஒன்றை வைத்தியத்துக்குக் கொண்டுபோகும்போது மற்றதையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஒன்று இறந்தால் உடலை உடனே அகற்றாமல் மற்றது வந்து முகர்ந்து நிற்க நேரம் கொடுக்க வேண்டும். அது தானாக விலகிச் செல்லும். அந்த நேரம் மறுக்கப்பட்ட கழுதை நாட்கணக்கில் கத்தித் தேடும், தீன் மறுக்கும், முன்சொன்ன கொழுப்பு நோயில் தானும் போகும்.

காப்பகத்தில் குட்டி பிறக்கவே கூடாது. கழுதை சினை ஏறத்தாழ ஓர் ஆண்டு. ஈன்ற சில நாட்களிலேயே பெட்டை மறுபடி சினையாகும். ஆண்களை வைத்தியரைக் கொண்டு மயக்கமருந்து கொடுத்து நலமடிக்க வேண்டும். மன்னாரிலும் இதுவே நிரந்தரத் தீர்வு. ஊராரின் எரிச்சலும் விபத்தும் குறைய வேறு வழியில்லை.

சட்டத்தின் துணை மெலிந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். ஒரு நூற்றாண்டுக்கு முன் அது பெரும்பணம். புதிய விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. உலக அளவில் கழுதைக்குப் புதிய பகை தோலின் விலை. சீனத்தில் எஜியாவோ என்ற மருந்துப் பசைக்காகக் கழுதைத் தோல் வாங்கப்படுவதால் ஆபிரிக்காவில் கழுதைகள் களவுபோயின. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை அறுப்பதைத் தடைசெய்தது. உடையவரில்லாத கழுதைக் கூட்டம் உள்ள எந்த நாடும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மீட்க முடியாத நோவுள்ள விலங்குக்கு மிருக வைத்தியரின் ஊசியே கருணை. அந்த முடிவை ஒருவர் தனியே எடுக்காமல், வைத்தியரும் பொறுப்பாளர் இருவரும் சேர்ந்து எடுத்து ஏட்டில் காரணத்தோடு பதிவது நல்லது. ஊசி மருந்து உடலிலேயே தங்கும். உடல் வெளியே கிடந்தால் அதைத் தின்னும் நாயும் காகமும் பருந்தும் சாகும். குடாநாட்டில் பல இடங்களில் மண் ஓரிரு அடிதான், கீழே பாறை. ஆகவே புதைக்கும் இடத்தைக் கிணறுகளுக்குத் தொலைவில், ஆழமான மண்ணுள்ள பக்கமாக, சாவு வருமுன்பே தேர்ந்து, பெக்கோ இயந்திரம் யாரிடம் கிடைக்கும் என்று பேசிவைத்திருக்க வேண்டும்.

குதிரை முப்பது ஆண்டு வாழும். கழுதை அதைவிடவும் வாழலாம். ஐம்பது வயதில் காப்பகம் தொடங்குபவரைவிட அவருடைய விலங்கு நெடுங்காலம் இருக்கக்கூடும். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணம் அவர்கள் பிள்ளைகளின் தலைமுறையில் வருமென்று எண்ண முடியாது. அடுத்துப் பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பெயர் குறித்து எழுதி, அவர் ஒப்பமும் வாங்கி, அரச மிருக வைத்திய அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து, ஆறு மாதத் தீனுக்கான பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் தொடாமல் வைத்தபின்பே முதல் கழுதையை வளவுக்குள் அழைத்துவர வேண்டும்.